85.5-க்கே திரும்பி வந்தேன்

மூன்றாம் நம்பர் சிலிண்டருக்குள் உள் விட்டத்தை அளக்கும் போர் கேஜை இறக்கி, பிஸ்டனை ராடோடு இணைக்கும் கஜன் பின்னின் வாட்டத்தில் ஒரு தடவை, அதற்குக் குறுக்கே ஒரு தடவை அளந்தேன். இரண்டுக்கும் வித்தியாசம் 0.11 மி.மீ. பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவே புதுசில் விட வேண்டிய இடைவெளியே 0.04 முதல் 0.06 வரைதான். அப்படியானால் 0.11 எவ்வளவு பெரிய கோணல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். வட்டமாக இருக்க வேண்டியது முட்டையாகிவிட்டது. ஓடியது வெறும் 11,000 கிலோமீட்டர்.

வண்டி 1971 மாடல் பீட்டில், 1302 எஸ். மாமாவிடமிருந்து எனக்கு வந்தது. பின்பக்கம் காற்றால் குளிரும் நாலு சிலிண்டர் இன்ஜின். போன முறை நான் பிரித்துக் கட்டியதிலிருந்தே அது ஆயிலைக் குடிக்க ஆரம்பித்தது. காலையில் சாவியைத் திருப்பினால் நீலப்புகை. 500 கிலோமீட்டருக்கு அரை லிட்டர் ஊற்றிக்கொண்டிருந்தேன். மாமா ஒவ்வொரு தடவை வரும்போதும் ஆயில் மட்டம் காட்டும் டிப்ஸ்டிக்கை உருவிப் பார்த்துவிட்டு, "இது பெட்ரோல் வண்டியா, ஆயில் வண்டியாடா?" என்று கேட்பார். அவர் கையில் இருந்த இருபது வருஷமும் அது ஆயில் குடித்ததில்லை.

குற்றவாளி நான்தான். போன தடவை பிஸ்டன், சிலிண்டர் செட் தேர்ந்தெடுத்தபோது ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்தேன்: போர் அளவு, அதாவது சிலிண்டரின் உள் விட்டம். இந்த இன்ஜினில் கம்பெனி போட்டது 85.5 மி.மீ. போர், 69 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் போய்வரும் தூரம்), 1584 சிசி. அதே கேஸில் (சிலிண்டர்களைத் தாங்கும் இன்ஜின் கூடு), அதே ஹெட்டில் (சிலிண்டர்களின் தலைமூடி), எதையும் கடையாமல், எதையும் வெட்டாமல் 88 மி.மீ. செட் உட்காரும் என்று விளம்பரத்தில் போட்டிருந்தது. கணக்குப் போட்டேன், 1679 சிசி வந்தது. கிட்டத்தட்ட 6 சதவீதம் சும்மா கிடைக்கிறது என்று நினைத்தேன். பகலில் கணக்கு எழுதிப் பிழைக்கிறவன் நான். சும்மா கிடைப்பதாகக் காட்டும் வரவு எந்தப் பேரேட்டில் செலவாக ஏறியிருக்கிறது என்று தேடுவதுதான் என் தொழில். சொந்த இன்ஜின் என்று வந்ததும் தேடத் தோன்றவில்லை.

அந்தச் செலவு சிலிண்டரின் சுவரில் ஏறியிருந்தது.

இப்படிப் பாருங்கள். சிலிண்டரின் கீழ்முனை கேஸில் உள்ள ஓட்டைக்குள் நுழைந்து நிற்கிறது. 1600 இன்ஜினில் அந்த ஓட்டை ஏறத்தாழ 90 மி.மீ. அதில் 85.5-ஐக் கழித்துப் பாதியாக்கினால் 2.25. அதுதான் அந்த இடத்தில் வார்ப்பிரும்புச் சுவரின் கனம். ஓட்டையைப் பெரிதாக்காமல் 87 போட்டால் 1.5. 88 போட்டால் 1 மி.மீ. நான் காசு கொடுத்து வாங்கியது ஒரு மில்லிமீட்டர் தகடு. மேலே ஹெட்டுக்குள் உட்காரும் முனையிலும் இதே கதைதான். அங்கே ஓட்டை 94. கம்பெனி செட்டில் 4.25 மி.மீ. அகலமாக இருந்த விளிம்பு 88-இல் 3 ஆகச் சுருங்குகிறது. கேஸ்கெட் இல்லாமல், இரும்பு அலுமினியத்தின் மேல் நேரடியாக உட்கார்ந்து வெடிப்பை அடக்க வேண்டிய விளிம்பு அது.

தண்ணீரால் குளிரும் இன்ஜினில் சிலிண்டரைச் சுற்றித் தண்ணீர் நிற்கும். சூடு எந்தப் பக்கம் ஏறினாலும் அது வாங்கிப் பரப்பிவிடும். இங்கே அப்படி யாரும் இல்லை. ரேடியேட்டரும் சிலிண்டர்தான், பிஸ்டன் ஓடும் பாதையும் சிலிண்டர்தான், ஹெட்டின் இறுக்கத்தைத் தாங்கும் தூணும் அதுதான். ஒரு பக்கம் காற்று நேராக அடிக்கிறது, மறுபக்கம் சுற்றி வந்து தடவிவிட்டுப் போகிறது. கனமான சுவர் அந்த ஏற்றத்தாழ்வைத் தனக்குள்ளேயே சமப்படுத்திக்கொள்ளும். மெல்லிய சுவர் வளைந்துகொடுக்கும். வளைந்த இடத்தில் பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங் சுவரைத் தொடாது. தொடாத இடத்தில் ஆயில் மேலே போகும், வெடித்த வாயு கீழே வரும்.

பழியை முழுக்க 88-இன் தலையில் போடவும் முடியாது. கழற்றும்போதுதான் கவனித்தேன், மூன்றுக்கும் நான்குக்கும் அடியில் காற்றைச் சிலிண்டரைச் சுற்றித் திருப்பிவிடும் சின்னத் தகடு இல்லவே இல்லை. போன தடவை மாட்ட மறந்து, இத்தனை நாளாக ஒரு டப்பாவில் தூங்கிக்கொண்டிருந்தது. 1970 வரை வந்த பீட்டில்களில் ஆயில் கூலரே அந்தப் பக்கத்துக் காற்றை மறித்துக்கொண்டு நின்றதால் மூன்றாம் சிலிண்டருக்குச் சூடு அதிகம். 1971 மாடலிலிருந்து கூலரைத் தனிக் கூண்டுக்குள் தள்ளி வைத்துச் சரிசெய்தார்கள். அவர்கள் சரிசெய்ததை நான் மறுபடி கெடுத்து வைத்திருக்கிறேன்.

ஆக, இந்த முறை காகிதத்தில் போருக்குப் பக்கத்தில் இன்னொரு பத்தி போட்டேன். கேஸ் ஓட்டையில் போரைக் கழி, பாதியாக்கு.

அப்போதுதான் சுவாரஸ்யமான ஒன்று தெரிந்தது. 90.5 மி.மீ. செட்டுக்குக் கேஸை ஏறத்தாழ 96-க்குக் கடைய வேண்டும். கழித்துப் பாதியாக்கினால் 2.75. கம்பெனி செட்டைவிடக் கனம்! 1776 சிசியும் கிடைக்கும், சுவரும் தடிமன். அதே 96 ஓட்டையில் 92 போட்டால் 2 மி.மீ., 1835 சிசி. 94-க்கு ஓட்டை 97, சுவர் 1.5, 1915 சிசி. போர் ஏற ஏற சுவர் இளைத்துக்கொண்டே போகும் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படியில்லை, நடுவில் ஒரு மேடு இருக்கிறது. 90.5 அந்த மேட்டின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அனுபவசாலிகள் ஏன் 1776, 1776 என்று ஜபம் பண்ணுகிறார்கள் என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

இதே சுவர்க் கணக்கில் போர்ஷேக்காரர்கள் எவ்வளவு தூரம் போனார்கள் என்பது எனக்கு எப்போதுமே வியப்பு. 911-இன் 2.4 லிட்டர் இன்ஜினில் போர் 84, ஸ்ட்ரோக் 70.4. 1973 கரேரா ஆர்.எஸ்.ஸுக்காக அதே ஸ்ட்ரோக்கை வைத்துக்கொண்டு போரை 90 ஆக்கினார்கள், 2687 சிசி. உள்ளே இரும்புக் குழாய் வைத்த சிலிண்டராக இருந்தால் அவ்வளவு இடம் கிடைக்காது. இரும்பையே எடுத்துவிட்டார்கள். முழு அலுமினியச் சிலிண்டர், உள்சுவரில் நிக்கலும் சிலிக்கான் கார்பைடும் கலந்த மெல்லிய பூச்சு மட்டும், அதற்குப் பெயர் நிக்காசில். அலுமினியம் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சூட்டைக் கடத்தும் என்பதால் குளிர்ச்சியும் கூடியது. பூச்சு தேய்ந்தால் ரீபோர் பண்ண, அதாவது மறுபடி கடைந்து பெரிதாக்க, முடியாது என்பதுதான் அதில் உள்ள சங்கடம். நம்ம இன்ஜினுக்கு அவ்வளவு தேவையில்லை. ஆனாலும் ஒரு மில்லிமீட்டருக்காக உலோகத்தையே மாற்றியவர்கள் இருக்கும்போது, அந்த ஒரு மில்லிமீட்டரைக் கவனிக்காமலே வாங்கியவன் நான் என்பது உறுத்தத்தான் செய்தது.

90.5 போட்டுவிடலாம் என்றே முடிவு செய்து கேஸைத் தூக்கிக்கொண்டு லேத் மேஸ்திரியிடம் போனேன். அவர் கேஸைக் கையில் வாங்கியதும் ஓட்டையைப் பார்க்கவில்லை. சிலிண்டரையும் ஹெட்டையும் கேஸோடு இறுக்கிப் பிடிக்கும் ஸ்டட் கம்பிகள் இறங்கும் துளைகளைத்தான் ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். இந்தக் கேஸ் மெக்னீசியக் கலவை. எடை குறைவு, ஆனால் வயதானால் மரை பிடிப்பு விட்டுப்போகும். என்னுடையதில் ஏற்கெனவே பதினாறு துளைக்கும் இரும்பு மரை உறை போட்டிருக்கிறது. அந்த உறைக்கும் ஓட்டைக்கும் நடுவே இருந்த உலோகத்தைக் காட்டிச் சொன்னார்: "தம்பி, கடைஞ்சு குடுக்கச் சொன்னா குடுத்துடுவேன். ஆனா இதுல இன்னும் மூணு மில்லி சுத்திலும் எடுத்தா, இந்த மரை எதைப் பிடிச்சுக்கிட்டு நிக்கும்?"

பதில் இல்லை. புதுக் கேஸ் வாங்கினால் 90.5 போடலாம். கேஸை மாற்றினால் ஹெட்டையும் கடைய வேண்டும். ஹெட்டைக் கடைந்தால், அந்த வாயை நிரப்ப கார்பரேட்டர் பத்தாது. கார்பரேட்டரை மாற்றினால் சூடு கூடும், காற்றாடி மட்டும் அதே பழைய காற்றாடி. சொக்காய்ப் பொத்தானுக்குப் பொருத்தமாகச் சொக்காய் தைத்த கதையாகும். கேஸைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்தேன்.

மிச்சம் 87-உம் 85.5-உம். 87-க்கு 1641 சிசி, அதாவது 57 சிசி கூடுதல், மூன்றரை சதவீதம். அதற்கு விலை, சுவரில் முக்கால் மில்லி. 87 போட்டு வருஷக்கணக்கில் நிம்மதியாக ஓட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், இல்லையென்று சொல்லமாட்டேன். எனக்கு ஒரு தடவை சுட்டது போதும். 85.5 என்று எழுதி அடிக்கோடு போட்டேன்.

பிஸ்டன் வார்ப்பா, அழுத்தி அடித்து உருவாக்கும் ஃபோர்ஜிங்கா என்பதில் அதிகம் குழம்பவில்லை. ஃபோர்ஜ் செய்த பிஸ்டன் பலசாலி, மறுப்பதற்கில்லை. ஆனால் அதிலும் உலோகம் இரண்டு வகை. 2618 என்ற கலவையில் சிலிக்கான் அநேகமாக இல்லை. அடி தாங்கும், ஆனால் சூட்டில் நன்றாக விரியும், அதனால் இடைவெளி தாராளமாக விட வேண்டும், குளிரில் டக டகவென்று சத்தம் போடும். 4032-இல் சிலிக்கான் ஏறத்தாழ 12 சதவீதம், விரிவு குறைவு. பந்தயத்துக்கும் டர்போவுக்கும் ஃபோர்ஜிங் வேண்டும். 4,000 ஆர்பிஎம் தாண்டவே யோசிக்கிற எனக்கு நல்ல கம்பெனியின் வார்ப்புப் பிஸ்டன் போதும். இதில் நான் பார்த்தது இரண்டே விஷயம். மண்டை தட்டையா குழியா, கஜன் பின் 22 மி.மீ.யா. பழைய 1200 இன்ஜினுக்கு 20 மி.மீ. பின். குழிந்த மண்டை கம்ப்ரஷனை, அதாவது கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதை, குறைப்பதற்காக வந்தது. எனக்கு வேண்டியது தட்டை.

பெட்டி வந்தது. பெட்டி வந்தால் வேலை முடிந்தது என்று நினைப்பது இன்னொரு பழைய தப்பு. புது சிலிண்டரை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, சூட்டைக் காற்றில் விடும் ஃபின் தகடுகளுக்கு நடுவே பார்த்தேன். வார்ப்பில் வழிந்து உறைந்த இரும்புப் பிசிறு ஏழெட்டு இடத்தில் காற்று வழியை அப்படியே சுவர் வைத்து அடைத்திருந்தது. புதுசு என்பதால் யாரும் பார்ப்பதில்லை. பழைய ஹேக்ஸா பிளேடும் ஒரு சின்ன அரமும் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், நாலு சிலிண்டருக்கும் ஒரு முழு மாலை போனது. இந்த மொத்த வேலையிலும் காசு செலவில்லாமல் குளிர்ச்சி கூட்டிய இடம் இது ஒன்றுதான்.

பிறகு அளவு. பிஸ்டன் பார்வைக்கு உருளை, உண்மையில் இல்லை. பின் வாட்டத்தில் ஒடுங்கி, மண்டைப் பக்கம் இளைத்து, சூடேறியபின் வட்டமாகும்படி கடைந்திருப்பார்கள். அதனால் பாவாடை என்று சொல்லும் கீழ்ச்சுவரின் அடிப்பக்கத்தில், பின்னுக்குக் குறுக்கே பிடித்துத்தான் மைக்ரோமீட்டர் வைக்க வேண்டும். சிலிண்டரில் மேல் விளிம்பிலிருந்து 10-15 மி.மீ. கீழே. எனக்கு நாலிலும் 0.04-க்கும் 0.05-க்கும் நடுவே வந்தது. மண்டையில் நிறப்பொட்டு இருக்கும், நீலம், இளஞ்சிவப்பு, பச்சை என்று. அது அளவுத் தரம். நாலும் ஒரே நிறமா என்று பார்க்க வேண்டும். எடையில் ஒரு பிஸ்டன் மற்றவற்றைவிட 7 கிராம் கூட இருந்தது. கம்பெனிக் கணக்கு 5 கிராமுக்குள். பாவாடைக்கு உள்ளே இருக்கும் திண்டில் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் எடுத்து 3-க்குக் கொண்டுவந்தேன்.

சிலிண்டர்களின் உயரத்தையும் அளந்தேன், இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். ஒரே ஹெட் இரண்டு சிலிண்டர் மேல் உட்காருகிறது. ஒன்று குட்டையாக இருந்தால் அதன் தலையில் அழுத்தம் போதாது, கசியும். என் நாலில் இரண்டு மற்றவற்றைவிட 0.05 குட்டை. குட்டை இரண்டையும் ஒரு பக்கம், நெட்டை இரண்டையும் மறுபக்கம் ஜோடி சேர்த்தேன். ரிங்கை ஒவ்வொன்றாகச் சிலிண்டருக்குள் இறக்கி, பிஸ்டனால் தள்ளி நேராக்கி, வாய் இடைவெளியில் பீலர் கேஜ் விட்டேன். 0.30 முதல் 0.45 வரை இருக்க வேண்டும். ஒரு மேல் ரிங் மட்டும் 0.25. சூட்டில் முனையோடு முனை முட்டிக்கொண்டால் சிலிண்டரைக் கீறிவிடும். மெல்ல அரம் போட்டு 0.35 ஆக்கினேன்.

எல்லாவற்றையும்விட அதிக நேரம் எடுத்தது டெக் உயரம். பிஸ்டன் முழுக்க மேலே வந்து நிற்கும்போது அதன் மண்டைக்கும் சிலிண்டர் விளிம்புக்கும் நடுவே எவ்வளவு பள்ளம் என்பதுதான் அது. ரிங் இல்லாமல் பிஸ்டனை மாட்டி, சிலிண்டரை இறக்கி, ஸ்டட்டில் குழாய்த் துண்டுகள் போட்டு நட்டால் இறுக்கி, பின்னுக்கு நேர் மேலே டெப்த் கேஜ் வைத்தேன். ஓரத்தில் வைத்தால் பிஸ்டன் ஆடி ஏமாற்றிவிடும். ஷிம் (சிலிண்டர் அடியில் வைக்கும் மெல்லிய வளையம்) இல்லாமல் 0.75 மி.மீ. இதற்கு முன் யாரோ கேஸின் முகத்தைச் சீவியிருக்கிறார்கள் போல. போன தடவை நான் அளக்கவே இல்லை. கையில் கிடைத்த 1 மி.மீ. ஷிம்மைச் சிலிண்டர் அடியில் கண்ணை மூடிக்கொண்டு போட்டிருந்தேன். அந்த ஷிம்கள் இப்போதும் டப்பாவில் பளபளவென்று இருந்தன, மறுபடி போட்டுக்கொள் என்று கூப்பிட்டன.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஒரு சிலிண்டர் இழுப்பது 396 சிசி. ஹெட்டின் குழியை ஊசி போடும் சிரிஞ்சால் மண்ணெண்ணெய் விட்டு அளந்ததில் 50 சிசி. டெக்கில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் 5.74 சிசி. பழைய 1 மி.மீ. ஷிம் போட்டால் டெக் 1.75, கம்ப்ரஷன் 7.6. அரை மில்லி ஷிம் போட்டால் டெக் 1.25, கம்ப்ரஷன் 7.9. கம்பெனி சொல்வது 7.5. ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே போனால் வேகத்தில் ராடு நீண்டு பிஸ்டன் ஹெட்டைத் தொடும் அபாயம். ஒன்றரையைத் தாண்டினால் ஓரத்தில் இருக்கும் கலவையைப் பிளக்கை நோக்கிப் பிதுக்கித் தள்ளும் அந்த நெருக்கம் போய்விடும், கலவை தாறுமாறாக வெடிக்கும் நாக்கிங் வரும். 1.25 நடுவே வசதியாக இருந்தது.

கை சும்மா இருக்கவில்லை, பழைய 88-க்கும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். பிஸ்டன் உயரம் அதேதான் என்று வைத்துக்கொண்டால், அன்றைய 1.75 டெக்கில் அதுவும் 7.9. அத்தனை மெல்லிய சுவரை வாங்கி எட்டிய கம்ப்ரஷனை, இப்போது சரியான ஷிம் ஒன்றே கொடுத்துவிடுகிறது.

மாட்டும் வேலை ஒரு நாள். மண்டையில் உள்ள அம்பு நாலிலும் ஃப்ளைவீலைப் பார்க்க வேண்டும், பின் துளை மையத்தில் இல்லை என்பதால் திருப்பிப் போட்டால் சத்தம் வரும். சிலிண்டரைச் சோப்பும் சுடுதண்ணீரும் போட்டு, வெள்ளைத் துணியில் கறுப்பு ஒட்டாத வரைக்கும் கழுவி, உடனே ஆயில் தடவினேன். பிஸ்டனைச் சூடாக்கியதும் பின் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனது. ஆயில் ரிங்கின் வாய் மேல்பக்கம், படுத்த இன்ஜின் ஆயிற்றே. ஹெட் நட்டு 8 மி.மீ. ஸ்டட்டுக்கு 25 நியூட்டன் மீட்டர். டப்பாவில் தூங்கிய அடித்தகட்டை மாட்டினேன். மாட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு தடவை போய்ப் பார்த்தேன்.

ரிங் படிவதற்கு முதல் சில நூறு கிலோமீட்டர் ஒரே வேகத்தில் ஓட்டவில்லை. மேட்டில் கொஞ்சம் அழுத்தி, இறக்கத்தில் ஆக்சிலேட்டரை விட்டு, மறுபடி அழுத்தி. சின்தடிக் ஆயில் ஊற்றவில்லை, 500-இல் ஆயில் மாற்றினேன். 1,000-இல் கம்ப்ரஷன் கேஜ் வைத்ததில் 128, 130, 125, 130 பிஎஸ்ஐ. அந்த 125 மூன்றாம் நம்பர்தான், பரவாயில்லை.

2,400 கிலோமீட்டர் ஓடியபின் மாமா வந்தார். வண்டியை ஒரு சுற்று ஓட்டிவிட்டு இறங்கிக் கேட்டார்: "இப்ப எத்தனை சிசிடா?"

"1584 மாமா."

"அது நான் குடுக்கும்போதே 1584 தானே? அப்புறம் ரெண்டு மாசமா எதைக் கழட்டிப் போட்டு உட்கார்ந்திருந்தே?"

நான் டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடி எடுத்து அவர் கையில் கொடுத்தேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, மேல் கோட்டைக் கட்டைவிரல் நகத்தால் தொட்டுப் பார்த்தார்.